மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு

முதல் நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் வேரும் கல்லும் தாண்டி இறங்கிப் பழகியவர், ரோடு பைக்கில் ஏறி இருபதடி போவதற்குள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார். முன்சக்கரம் நினைப்பதற்கு முன்பே திரும்பிவிடுகிறது. பின்னால் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்பினால் சைக்கிளும் கூடவே அந்தப் பக்கம் இழுக்கிறது. இத்தனை வருஷம் ஓட்டியும் இப்படியா என்று மனசு சுருங்கும்.

சுருங்க வேண்டியதில்லை. எம்டிபி எனப்படும் மலைப்பாதை சைக்கிளின் முன்ஃபோர்க் படுக்கையாகச் சாய்ந்திருக்கும். தரையோடு அது சேரும் கோணம் வண்டியின் வகையைப் பொறுத்து 65 முதல் 69 டிகிரி வரை. ரோடு பைக்கில் 72, 73. அங்கே கைப்பிடியின் அகலம் 740 முதல் 780 மி.மீ. வரை, இங்கே 400 முதல் 440. ஃபோர்க் நிமிர நிமிர வண்டி சட்டென்று திரும்பும். கைப்பிடி குறுகக் குறுக, கையின் சின்ன அசைவும் சக்கரத்தைப் பெரிதாகத் திருப்பும். உங்கள் கை உணர்கிற நடுக்கம் இந்த அமைப்பிலிருந்து வருகிறது. பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டினால் போய்விடும்.

போகாத ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ளத்தான் இந்த அத்தியாயம். மண்பாதை உங்களை ஓயாமல் அசையச் சொன்னது. ஏற்றத்தில் முன்னால் குனிந்தீர்கள், இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் நகர்ந்தீர்கள், பள்ளத்தில் எழுந்து நின்றீர்கள். கைக்கும் இடுப்புக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாற்றம் கிடைத்தது. தார்ச்சாலையோ மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் அசையாமல் மிதிக்கச் சொல்கிறது. கை மரத்துப்போவது, கழுத்து பிடித்துக்கொள்வது, உட்காரும் இடம் எரிவது, முப்பதாவது கிலோமீட்டரில் திடீரென்று கால் ஓய்ந்துபோவது எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. எனவே உடம்பின் இருப்பை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு மிதிப்பு, அதன் பிறகு வண்டி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து முதலில் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

புது வண்டி வாங்கும் முன்

இதை வாசிப்பவர்களில் இரண்டு வகையினர் இருப்பீர்கள். உண்மையிலேயே காட்டுப்பாதையில் ஓட்டியவர்கள் சிலர். நம் ஊர்ச் சாலைகள் குண்டும் குழியுமாக இருக்கின்றனவே என்று முன்னால் ஷாக் வைத்த எம்டிபி வாங்கி, தாரை விட்டு ஒரு நாளும் இறங்காதவர்கள் பலர். இரு வகையினருக்கும் ஒரே யோசனை: ஒரு மாதம் உங்களிடம் இருக்கும் சைக்கிளையே ரோடு பைக்காக நடத்திப் பாருங்கள்.

முள்ளுமுள்ளாக இருக்கும் டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான டயர் போடுங்கள். 26 அங்குலச் சக்கரத்துக்கும் 27.5க்கும் ஒன்றரை அங்குல அகலத்தில் இப்படிப்பட்ட டயர்கள் கிடைக்கின்றன. 29 அங்குலச் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. 29 என்று எம்டிபியில் சொல்வதும் 700சி என்று ரோடு பைக்கில் சொல்வதும் ஒரே ரிம் அளவுதான், இரண்டுமே 622 மி.மீ. ஆகவே 40 மி.மீ. அகலமுள்ள 700சி டயர் பெரும்பாலான 29 ரிம்களில் உட்கார்ந்துகொள்ளும். முன்ஷாக்கில் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். சீட்டை உயர்த்துங்கள்: மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் முழுக்க நீள வேண்டும். அப்போதுதான் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் சரியான மடிப்பு கிடைக்கும். மண்பாதைக்காரர்கள் சீட்டை எப்போதும் இரண்டு விரற்கடை தாழ்த்தியே வைத்துப் பழகியவர்கள். தார்ச்சாலையில் அந்தத் தாழ்வு முழங்காலைக் கெடுத்துவிடும்.

இந்த டயரோடு ஒரு ஞாயிறு காலையில் ஐம்பது கிலோமீட்டர் போய்வாருங்கள். அந்தச் சவாரி உங்களுக்குப் பிடித்திருந்தால் ரோடு பைக் வாங்குங்கள். இடைவிடாமல் மிதிப்பது சலிப்பாக இருந்தால், பல்லாயிரம் ரூபாய் மிச்சம்.

எந்த வண்டி

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பந்தய வண்டியாக இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கைப்பிடி சீட்டைவிட வெகு கீழே இருக்கும். எம்டிபியில் நிமிர்ந்து உட்கார்ந்த முதுகால் அதற்கு மடங்க முடியாது. எண்டியூரன்ஸ் வகை என்று கேளுங்கள். அதில் முன்பக்கம் சற்று உயரம், சக்கரங்களுக்கிடையே தூரம் சற்று அதிகம். நீண்ட தூரத்துக்கென்றே வடிவமைத்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயிண்டையும் பெயரையும் விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள். ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் 32 மி.மீ. டயர் நுழைய இடம் இருக்கிறதா? முன்பல்சக்கரங்கள் 50, 34 என்ற காம்பாக்ட் அளவா? பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு 32 அல்லது 34 பற்கள் உண்டா? இந்த மூன்றும் இருந்தால் ஷிமானோவின் கீழ்ப்படியான கிளாரிஸ், 8 பின்கியர் கொண்டது, அதுவே முதல் இரண்டு வருஷத்துக்குத் தாராளமாகப் போதும். மேல்படிக்குப் போகப் போக எடை குறையும், கியர் எண்ணிக்கை கூடும். உங்கள் வேகம் அதனால் பெரிதாகக் கூடாது. மிச்சப் பணத்தை நல்ல டயருக்கும், உடம்புக்கேற்ப வண்டியைப் பொருத்தித் தருபவருக்கும் கொடுங்கள்.

அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எம்டிபியில் ஸ்மால், மீடியம் என்றால் தவறு கொஞ்சம் பொறுத்துப்போகும். உடம்புதான் ஓயாமல் நகர்கிறதே. அசையாமல் உட்காரும் ரோடு பைக்கில் இரண்டு சென்டிமீட்டர் நீளம் கூடினாலே தோள்பட்டை வழியாகத் தெரிந்துவிடும். நான் வாங்கிய முதல் ரோடு பைக் தள்ளுபடியில் கிடைத்தது, எனக்கு ஒரு அளவு பெரியது. 'கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் சரியாகிவிடும்' என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கினேன். எட்டு மாதம் கழுத்துவலியோடு ஓட்டிவிட்டு விற்றேன். இருப்பில் இல்லாத அளவுக்குக் காத்திருப்பது மேல்.

கை வைக்கும் இடங்கள்

எம்டிபியில் கைக்கு ஒரே இடம். வளைந்த டிராப் பாரில் மூன்று. நடுவிலுள்ள தட்டையான பகுதி, பிரேக் லீவரின் மேல்முகடான ஹுட்ஸ், கீழே வளையும் டிராப்ஸ். முக்கால்வாசி நேரம் ஹுட்ஸில்தான் கை இருக்கும். சாவகாசமாக ஏறும்போது நடுப்பகுதி. இறக்கத்திலும் எதிர்க்காற்றிலும் டிராப்ஸ். அசையாத சவாரியில் உடம்புக்குக் கிடைக்கும் ஒரே மாற்றம் இந்தக் கைமாற்றம்தான். ஆகவே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், கையை மாற்றுங்கள். முழங்கையைச் சற்று மடக்கியே வையுங்கள். ஷாக் இல்லாத வண்டியில் உங்கள் முழங்கைதான் ஷாக்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளிவிளிம்பில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கையுறை உதவும். ஆனால் காரணம் பெரும்பாலும் சீட்டின் முனை கீழே சரிந்திருப்பதுதான். சீட் சரிந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்கக் கைக்கு வந்துவிடும். மட்டம் பார்த்துச் சரிசெய்யுங்கள். மறுநாளும் மரமரப்பு போகவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரேக்கும் கியரும் இங்கே ஒரே லீவரில். எம்டிபியில் கட்டைவிரலால் தட்டிப் பழகிய கை முதல் வாரம் தடுமாறும். ஷிமானோ முறையில் வலது பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும், மிதிப்பது லேசாகும். அதன் பின்னால் உள்ள சின்ன லீவரைத் தட்டினால் சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கும், மிதிப்பது கனக்கும். இடக்கையில் பெரிய லீவர் முன்னாலுள்ள பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும், சின்ன லீவர் இறக்கும். பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் அரை மணி நேரம், கீழே பார்க்காமல் மாற்றிப் பழகுங்கள்.

அதே மைதானத்தில் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தக் கை எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது? நம் நாட்டில் வலக்கை முன்பிரேக் என்பது வழக்கம். அமெரிக்க, ஐரோப்பிய முறையில் பொருத்தி வரும் வண்டிகளில் இடக்கை முன்பிரேக்காக இருக்கும். நெருக்கடியில் கை பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும். உங்கள் இரண்டு சைக்கிள்களிலும் ஒரே மாதிரி இருக்கும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மிதியை மட்டும் மாற்றாதீர்கள். மண்பாதையில் எஸ்பிடி மிதியும் இரண்டு திருகுக் கிளீட் வைத்த ஷூவும் போட்டிருந்தவர்கள், அந்த மிதியையே கழற்றி ரோடு பைக்கில் மாட்டலாம், திருகுமரை ஒன்றுதான். இடது மிதியின் மரை தலைகீழாகச் சுற்றும், அது மட்டும் நினைவில் இருக்கட்டும். மூன்று திருகு வைத்த ரோடு ஷூவோடு டீக்கடைத் தரையில் நடந்தால் வழுக்கிவிடும். அதன் பலன் பந்தயக்காரர்களுக்குத்தான்.

கியரும் காலும்

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். முன்னால் 32 பல், பின்னால் 11 முதல் 50 வரை உள்ள எம்டிபியில், மிகக் கனமான கியரில் நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 36 கி.மீ. வேகம் வரும். அதற்கு மேல் கால் வெறுமனே சுழலும். ரோடு பைக்கில் 50க்கு 11 என்ற கியரில் அதே 90 சுற்றுக்கு 52 கி.மீ. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது மறுமுனை. எம்டிபியின் மிக லேசான கியரில் நிமிஷத்துக்கு 60 சுற்று சுற்றிக்கொண்டு மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு செங்குத்தை ஏறிவிடலாம். ரோடு பைக்கில் 34க்கு 34 வைத்தாலும் அதே 60 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 8 கி.மீ. வேகத்தில் ஏறியாக வேண்டும். ஏற முடியாதவருக்கு வண்டி சலுகை காட்டாது. பின்பல்சக்கரம் 32 அல்லது 34 இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். பந்தயக்காரர்கள் 28 போதும் என்பார்கள். அது அவர்கள் காலுக்கு.

மிதிக்கும் விதமும் மாற வேண்டும். மண்பாதைக்காரர் மிதிப்பது வெட்டு வெட்டாக இருக்கும்: நாலு அழுத்து, சற்று ஓய்வு, மறுபடி அழுத்து. தார்ச்சாலையில் நிமிஷத்துக்கு 80 முதல் 95 சுற்று, நிற்காமல், லேசாக. கியர் கனமாக இருக்கிறது என்று தோன்றுவதற்கு முன்பே ஒரு படி இறக்குங்கள். மூச்சு வாங்கினால் அடங்கிவிடும். தொடை எரிந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் எரியும். நீளமான வாக்கியம் ஒன்றைத் தடையில்லாமல் பேச முடிகிற வேகம் எதுவோ அதுவே முதல் இரண்டு மாதங்களுக்கு உங்கள் வேகம்.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்பாதையில் அதை நீங்கள் கவனித்தே இருக்கமாட்டீர்கள், வேகம் அவ்வளவு குறைவு. சமதளத்தில் வேகம் கூடக் கூட உங்கள் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் கனத்துக்கேற்ப உயர்கிறது: 20 கி.மீ. வேகத்திலிருந்து 30க்குப் போனால் ஒன்றரை மடங்கு வேகம், மூன்றே கால் மடங்குக்கு மேல் சக்தி. லேசான வண்டி வாங்குவதைவிட முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்துவது பலன் தருவது இதனால்தான்.

நம் முன்னோர் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. சைக்கிள்காரருக்கு இந்த நாலு பெயரும் தினசரித் தேவை. வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போனால் காற்று முதுகில் இருக்கும். மீட்டரில் 32, 33 என்று பார்த்து, புது வண்டியின் மகிமை என்று நினைத்துவிடுவோம். கோயிலருகே இளநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது 22 வருவதே பாடாகிவிடும், மீதி ஐம்பது கிலோமீட்டர் அப்படியே கிடக்கும். எதிர்க்காற்றில் போய், துணைக்காற்றில் வீடு திரும்பும்படி வழியை அமையுங்கள். அது முடியாத நாளில், போகும்போதே பாதிப் பலத்தைச் சேமித்து வையுங்கள்.

டயர், காற்று, பஞ்சர்

23 மி.மீ. டயரில் 120 பிஎஸ்ஐ அடித்தால்தான் வேகம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கல்லுப்போல இறுகிய டயர் கரடுமுரடான சாலையில் துள்ளித் துள்ளி, முன்னே போக வேண்டிய சக்தியை மேலே வீணாக்குகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. நம் சாலைகளுக்கு 28 மி.மீ. குறைந்தபட்சம்; இடமிருந்தால் 32. எழுபது கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் முன்னால் 65 முதல் 70, பின்னால் 70 முதல் 75 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். 32 என்றால் இன்னும் பத்துப் பதினைந்து குறைவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்சவரம்பு. அதுவரை அடித்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை. 'ஹுக்லெஸ்' என்று குறித்த ரிம்களாக இருந்தால் 72.5க்கு மேல் ஒருபோதும் அடிக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

எம்டிபியில் 30 பிஎஸ்ஐ அடித்து இரண்டு வாரம் மறந்துவிட்டவர்கள் இங்கே மறக்க முடியாது. மெல்லிய டயரில் காற்று வேகமாக இறங்கும். காற்றுக் குறைந்த டயரோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். நின்றபடி அடிக்கும், முள் வைத்த பம்பு ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் பாருங்கள்.

வால்வைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வால்டியூப் போட்ட நம்மூர்ச் சைக்கிள் வால்வு ஒரு வகை. பல எம்டிபிகளில் இருப்பது மோட்டார்சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வு. எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். ரோடு பைக்கில் இருப்பது பிரெஸ்டா, மெல்லியது, உச்சியில் சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். திண்டிவனம் பக்கம் ஒரு மதியம், அண்ணன் ஒருவர் தன் கடைக் கம்ப்ரஸரின் வாயை என் வால்வில் பொருத்த அரைமணி நேரம் பாடுபட்டார். பொருந்தவே இல்லை. கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து, லாரி ஒன்றில் ஏற்றி அனுப்பிவைத்தார். மலிவாகக் கிடைக்கும் பித்தளை மாற்றுமூடி ஒன்று பையில் இருந்திருந்தால் அன்று இரவுக்குள் நான் புதுச்சேரி போயிருப்பேன். அதை வாங்கி டியூபின் மேலேயே திருகி வையுங்கள். கூடவே இரண்டு மாற்று டியூப், டயர் கழற்றும் இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல், கைப்பம்பு.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடித் துண்டாக இருக்காது. வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பிதான் காரணம். நெடுஞ்சாலையின் ஓரத்தில் அது நிறையக் கிடக்கும். டியூபை மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் தடவி அந்தக் கம்பியைக் கண்டுபிடித்துப் பிடுங்காவிட்டால் புது டியூபும் பத்து நிமிஷத்தில் போய்விடும். மெதுவாகத் தடவுங்கள், விரலைக் கிழிக்கும்.

வளைவும் இறக்கமும்

இங்கேதான் மண்பாதைக்காரர் மற்ற எல்லோரையும்விட முன்னால் நிற்கிறார். தூரத்தில் பார்வையை வைப்பது, பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து உடம்பைத் தளர்த்துவது, சக்கரம் லேசாக வழுக்கினால் பதறாமல் இருப்பது ஆகியவை சாலையில் மட்டும் ஓட்டிப் பழகியவருக்கு வருஷக்கணக்கில் வராது. பெரிய பந்தயங்களிலேயே இதைப் பார்க்கிறோம். 2011ல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஆஸ்திரேலியர் கேடல் எவன்ஸ், 1998லும் 1999லும் மலைப்பாதை உலகக் கோப்பையை வென்றவர். 2015 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து சாலைப் பந்தய உலக சாம்பியனாக இருந்த பீட்டர் சகான், 2008ல் மலைப்பாதையில் இளையோர் உலக சாம்பியன். பிரான்ஸின் போலின் ஃபெரான்-பிரெவோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைப்பாதைத் தங்கத்தை வாங்கிவிட்டுச் சாலைக்குத் திரும்பி, மறு வருஷமே பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்றார்.

ஆனால் மறக்க வேண்டிய பழக்கங்களும் உண்டு. மண்ணில் வளையும்போது சைக்கிளை மட்டும் சாய்த்து உடம்பை நிமிர்த்தி வைப்பீர்கள். தாரில் உடம்பும் வண்டியும் சேர்ந்தே சாய வேண்டும். வளைவுக்கு வெளிப்புறமுள்ள கால் கீழே, பாரம் முழுக்க அந்த மிதியில், கை டிராப்ஸில். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கித் திருப்புவதை அடியோடு விட்டுவிடுங்கள். மண் மன்னிக்கும், 28 மி.மீ. டயர் மன்னிக்காது. வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடாமலிருக்கும் அளவுக்கு முன்கூட்டியே மெதுவாகுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. இவற்றில் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். ஆகவே பந்தயப் படங்களில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கம் போய் வளைவை வெட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். உங்கள் இடப்பக்கத்துக்குள்ளேயே, ஹாரன் சத்தத்துக்குக் காதை வைத்து இறங்குங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் வைத்திருப்பவர்கள் அதைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். நன்றாக அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். மழை நாளில் இந்த பிரேக் சற்றுத் தாமதித்துத்தான் பிடிக்கும். டிஸ்க் பிரேக் வாங்கக் காரணம் கேட்டால் நான் சொல்வது இந்த மலைகளைத்தான்.

சமதளத்திலும் சில இடங்கள் ஆபத்தானவை. கடற்கரைச் சாலையின் ஓரத்து மணல், மழையில் நனைந்த வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, சாய்வாகக் கடக்கும் ரயில் தண்டவாளம். எம்டிபியில் இவை கண்ணிலேயே பட்டிருக்காது. தண்டவாளத்தைச் செங்கோணமாகக் கடந்து செல்லுங்கள்; மற்றவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காமல், கைப்பிடியும் திருப்பாமல் நேராகப் போய்விடுங்கள்.

மற்றவர்களோடு

காட்டுப்பாதையில் நீங்கள் தனியாகவே போனீர்கள், நண்பர்கள் கூட இருந்தாலும். சாலையில் கூட்டமாகப் போவது வேறு கலை. ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் கால் பங்குக்குக் குறையாமல் உழைப்பு மிச்சமாகும் என்பதால் எல்லோரும் நெருங்கி ஓட்டுவார்கள். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் ஒருபோதும் இணையக் கூடாது. அவர் சற்று விலகினால் விழுவது நீங்கள்தான். பள்ளத்தைக் கண்டால் கையால் காட்டுங்கள், குரல் கொடுங்கள். திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். மண்பாதையில் பெருமையாக இருந்த அந்தச் சட்டென்ற ஒதுங்கல், இங்கே பின்னால் வரும் நாலு பேரைக் கீழே தள்ளும். நான்கு வாரமாவது தனியாக ஓட்டி, நேர்கோட்டில் போகக் கை பழகிய பிறகே கூட்டத்தில் சேருங்கள்.

விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்புகிறவர்கள் வெயிலிலிருந்து தப்பிக்கிறார்கள். ஆனால் அது தூக்கம் கலையாத லாரி ஓட்டுநர்களின் நேரமும்கூட. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, பளிச்சென்ற சட்டை, ஹெல்மெட் ஆகியவை இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

முதல் ஆறு வாரங்கள்

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், 20 முதல் 25 கி.மீ. அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு நாளை மட்டும் 40 ஆக்குங்கள். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் அதை 60 ஆக்கலாம். கால் இதைவிட அதிகம் கேட்கும், எம்டிபியில் உரமேறிய கால் அது. கேட்டதைக் கொடுக்காதீர்கள். கழுத்தும் கீழ்முதுகும் காலின் வேகத்தில் பழகுவதில்லை, அவற்றுக்காகத்தான் இந்த ஆறு வாரம்.

பஞ்சு வைத்த கால்சட்டை அணியுங்கள். அதற்குள் உள்ளாடை வேண்டாம், தையல்தான் தோலை அறுக்கும். சீட்டின் அகலம் உங்கள் இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். அட்டைப்பெட்டியின் வரிவரியான அட்டையைப் படியில் வைத்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும்; அவற்றின் நடுத்தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வண்டியோடு வரும் சீட் பல பெண்களுக்குக் குறுகலாக இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை.

காட்டில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள், சாலையில் பசி எடுக்கும் வரை காத்திருப்பார்கள். காத்திருந்தால் தாமதமாகிவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் எந்தச் சவாரியிலும் முப்பது நாற்பது நிமிஷத்துக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலைமிட்டாயோ வாயில் போடுங்கள். நம் வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், நீண்ட நாட்களில் உப்பும் சேர்ந்து. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த ஒரு பாட்டில் போதும்.

ஆறு மாதம் கழித்து ஒரு குறி வேண்டுமென்றால் 200 கி.மீ. பிரவே என்ற நெடுந்தூரச் சவாரி இருக்கிறது. அது பந்தயமல்ல, 13 மணி 30 நிமிஷத்துக்குள் முடித்தால் போதும், முதலாவதாக வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.கூட வேண்டியதில்லை. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் அமைப்பின் கீழ் இவை நடக்கின்றன, தமிழ்நாட்டு நகரங்களிலிருந்தும் கிளம்பலாம். இதே வழியில் 300, 400, 600 என்று படியேறுகிறவர்கள், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 1200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் வரை போகிறார்கள்.

உங்கள் எம்டிபியை விற்றுவிடாதீர்கள். விலையும் பெரிதாக வராது. மழைக்காலத்தில் சாலை முழுக்கச் சேறாகும்போது அதை எடுத்து, வாரம் ஒரு நாளாவது ஏரிக்கரை மண்ணில் ஓட்டுங்கள். ரோடு பைக்கில் இறுகிப்போன முதுகு அங்கே தளரும்.